லென்னி ஸ்பைசர் பெஞ்சுத் திறப்பு விழா

மனித குலத்துக்கு இங்கிலாந்து வழங்கிய கொடைகளில் தலையாயது, எங்கள் நெதர் பிட்டிங் கிராமத்தின் ரயில் பாலத்தடியில் நடந்த தபால் ரயில் கொள்ளைதான். ஊராட்சிக் குழுவில் இதற்கு மாற்றுக் கருத்து கிடையாது. குழுச் செயலாளன் நான் சொல்கிறேன், நம்பலாம்.

அதற்கு முன் எங்கள் ஊரை யாருக்குத் தெரியும்? இன்று டீக்கடையில், கொள்ளையர்கள் அன்று போட்டிருந்த முகமூடி வடிவத்தில் பிஸ்கட் கிடைக்கிறது. பாதிரியார்கூட கொள்ளையர்களைப் பெயர் சொல்லித்தான் குறிப்பிடுகிறார், சொந்தக்காரர்களைப் போல.

இந்தப் புகழில் ஒரே ஒரு சிறு உறுத்தல், எஞ்சின் டிரைவர் வில்ஃப்ரெட் டாக்கெட். எங்கள் ஊர்க்காரர்தான். 'நிகழ்ச்சி'யின்போது அவர் தலை ஓர் இரும்புக் கம்பியின் வழியில் குறுக்கிட்டுவிட்டது. விழும்போது, "மன்னிச்சுக்குங்க" என்றாராம். எங்கள் வளர்ப்பு அப்படி. யார் யார் காலை மிதித்தாலும், மிதிபட்டவர்தான் மன்னிப்புக் கேட்பார்.

அன்று முதல் அவருக்குத் தலைசுற்றல். வேலை போயிற்று. பஸ் நிறுத்தத்திலிருந்து மேட்டு வழியாக வீட்டுக்கு ஏற முடிவதில்லை. அங்கே ஒரு பெஞ்சு போடும்படி அவர் மனைவி ஐவி வருடாவருடம் குழுவிடம் கேட்டுவந்தார்.

"பெஞ்சுங்கறது செத்தவங்க ஞாபகமாப் போடறதும்மா. உங்க வீட்டுக்காரர் நல்லாத்தானே இருக்கார்?" என்று கனிவோடு விளக்குவார் தலைவி திருமதி ஹான்ஸ்கோம்ப்.

"அப்ப அவர் செத்தப்புறம் வந்து உட்கார்ந்துக்கட்டுமா?" என்பார் ஐவி. கோரிக்கை 'பரிசீலனை'யில் இருந்தது.

இதற்கிடையே கொள்ளையர் லென்னி ஸ்பைசர் சிறையிலிருந்து வெளியே வந்தார். அவரைக் கௌரவிக்க என்ன செய்யலாம் என்று கூடினோம். டீ ஆறுவதற்குள் முடிவாயிற்று: பஸ் நிறுத்தத்தில் ஒரு பெஞ்சு! "ஆள் உயிரோடதானே இருக்கார்?" என்று யாரும் கேட்கவில்லை. 'நம் ஊரை உலகறியச் செய்த லென்னி ஸ்பைசருக்கு' என்று பித்தளையில் தகடும் அடித்தோம்.

விழா நாளில் வழக்கம்போல் தூறல். பெஞ்சில் சிவப்பு ரிப்பன், எதிரே பத்திரிகைக்காரர்கள். அந்த நேரம் பார்த்து பஸ் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய டாக்கெட் இறங்கினார், தள்ளாடினார், ரிப்பனுக்கு அடியில் நுழைந்து உட்கார்ந்தேவிட்டார்.

"டாக்கெட், எழுந்திருங்க. அதை இன்னும் திறக்கலை!" என்று பதறினார் தலைவி.

"மன்னிச்சுக்குங்கம்மா. கண்ணை இருட்டுது."

"பெஞ்சைத் திறக்கறதுக்கு அதுல பூட்டா இருக்கு?" என்றார் ஐவி.

"விழா முடியற வரைக்கும் அது பெஞ்சு இல்லம்மா, கௌரவம்."

அதற்குள் ஸ்பைசர் காரில் வந்து இறங்கினார். என்ன கம்பீரம்! "இருக்கட்டும் விடு கண்ணு, பாவம் வயசானவரு" என்று தலைவியின் தோளைத் தட்டினார். பிறகு டாக்கெட்டை உற்றுப் பார்த்தார். "உங்களை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கே?"

"முகம் தெரிஞ்சிருக்காது. நீங்க பின்னாலதானே நின்னீங்க" என்றார் ஐவி.

ஸ்பைசர் மழையைப் பற்றிப் பேசத் தொடங்கினார். புகைப்படக்காரர் பொறுமை இழந்தார். "அந்தப் பெரியவரை யாராவது நகர்த்துங்கப்பா, படத்துல விழறார்!"

வரலாறு என் கையில் இருந்தது. நான் ஒரு கை, பாதிரியார் ஒரு கை. மரியாதை குறையாமல் டாக்கெட்டைத் தூக்கி, ஈரப் புல்லில் உட்கார வைத்தோம். "உங்களுக்கு வீண் சிரமம். மன்னிச்சுக்குங்க" என்றார் அவர். பெருந்தன்மையோடு மன்னித்தோம்.

ரிப்பன் வெட்டப்பட்டது. ஸ்பைசர் பெஞ்சின் நடுவில் கால்மேல் கால் போட்டு அமர, ஊரே கைதட்டியது.

விழா அறிக்கைக்காக ஐவியிடம் இரண்டு வார்த்தை கேட்டேன். கணவரின் தலைக்குக் குடை பிடித்தபடி அவர் சொன்னார்: "அன்னிக்கு ரயில்ல இவரை இடத்தை விட்டுக் கிளப்பினவங்களுக்கு, முகத்தையாவது மூடிக்கணும்னு தோணிச்சு."

எங்கள் குழு எதையும் ஒளிவுமறைவின்றிச் செய்கிறது என்பதற்கு இதைவிட நற்சான்று வேண்டுமா?