முதலாளி பேசினால் கல்லும் கரையும்

"என் கத்திரியால காகிதத்தை வெட்டியிருக்கான்! இனிமே இவனுக்குத் துணி வெட்டித் தர மாட்டேன்!" கட்டிங் மாஸ்டர் கழுத்திலிருந்த டேப்பைக் கழற்றி மேஜையில் எறிந்தார்.

"தராட்டிப் போங்க. எனக்கென்ன, சும்மா உக்காந்திருக்கேன்" என்று தையல்காரன் மெஷினுக்கு முதுகைக் காட்டிக்கொண்டான்.

மாஸ்டரின் பெண்டாட்டியைக்கூடக் கிண்டல் பண்ணலாம், கத்திரியைத் தொடக்கூடாது. காகிதம் வெட்டினால் துணிக் கத்திரி மழுங்கிவிடும்.

நாளைக் காலை பள்ளிக்கூடச் சீருடை அத்தனையும் போயாக வேண்டும். தவறினால் ஆர்டர் எதிர்க்கடைக்கு. அப்புறம் இந்தக் கடையை இழுத்துச் சாத்த வேண்டியதுதான்.

முதலாளி மட்டும் பதறவில்லை. "என் பலம் எனக்குத் தெரியும். நான் பேசினா கல்லும் கரையும்" என்றார் மனைவியிடம். "பலவீனம்னு பார்த்தா... ரொம்ப நல்லவனா இருக்கேன், அவ்வளவுதான்."

"போய்ப் பேசுங்களேன்" என்றாள் ஓரத்தில் பட்டன் தைத்துக்கொண்டிருந்த மனைவி.

பேசினார். "மாஸ்டர், போயும் போயும் ஒரு கத்திரி, இதுக்கா இவ்வளவு?"

"போயும் போயுமா?" மாஸ்டர் செருப்பை மாட்டினார்.

அவரைக் கெஞ்சி உட்கார வைத்துவிட்டு முதலாளி தையல்காரனிடம் போனார். "மாஸ்டர் உன்னை முட்டாள்னாரு. நான் நம்பவே இல்ல! பெரிய மனசு பண்ணி மன்னிப்பு கேட்டுடு தம்பி."

"முட்டாளா? அவரா சொன்னாரு?" டிபன் பாக்ஸ் பைக்குள் போனது.

முதலாளி மனைவியிடம் ஓடி வந்தார். "என்னடி இது, பேசப் பேச முத்துதே!"

"அப்போ நீங்களே வெட்டிடுங்க" என்றாள் அவள், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அதுக்கென்ன! வருஷக்கணக்கா பார்த்த வேலைதானே!" புதுத் துணியை விரித்துக் கத்திரியை ஓட்டினார்.

"ஐயையோ!" இருவரும் ஒரே குரலில் அலறினார்கள். மாஸ்டர் கத்திரியைப் பிடுங்கினார். தையல்காரன் துணியைப் பிடுங்கினான்.

"அண்ணே, பாருங்க, சட்டைக்கு ரெண்டும் இடது கை!"

"கையா? நான் காலர்னு நினைச்சேன்டா! இவர் கையில விட்டா நம்ம பொழப்பு அம்பேல். நான் வெட்டறேன், நீ தை."

சாயங்காலத்துக்குள் சீருடைகள் தேய்த்து அடுக்கியாகிவிட்டது. இருவரும் டீ குடித்தபடி முதலாளியைப் பற்றிச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

முதலாளி காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். "பார்த்தியா? காலையில நான் பேசினது இப்பதான் வேலை செய்யுது!"

மனைவி போனில் இருந்தாள். மறுமுனையில் அவள் அண்ணன். அவன் அச்சகத்திலும் இரண்டு பேர் முறைத்துக்கொண்டு நிற்கிறார்களாம்.

"அழாதேண்ணா, நாளைக்கு இவரை அனுப்பறேன். முதல்ல பேச விடு. அப்பவும் அவங்க சேரலைன்னா, மெஷினைத் தொட விடு."