திருடனுக்காக அலங்கரித்த வாசல்

திருடனைக்கூட மன்னித்துவிடலாம். அவன் தொழில் அது. நல்ல எண்ணத்தோடு கதவை உடைக்கிறவர்களைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. (அவர்கள் தெருவில் பார்த்தால் வணக்கம் வைக்கிறார்கள். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு வைக்கிறேன்.)

சென்னையில் என் மைத்துனனுக்குக் கல்யாணம். என் மனைவி கௌரிக்கு ஒரே தம்பி. தாலியின் முதல் முடிச்சை அவன் போட்டால், மற்ற இரண்டையும் அக்காவான இவள் போட வேண்டும். அந்த நாத்தனார் முடிச்சுக்காக அவள் பல வருஷமாகக் காத்திருந்தாள். அந்த நேரம் பார்த்து எங்கள் திருத்தணியில், அடுத்த தெருவிலேயே, ஆளில்லாத ஒரு வீட்டின் பூட்டை உடைத்துச் சாமி விளக்குவரை அள்ளிக்கொண்டு போனான் எவனோ ஒருவன்.

"வூட்ட இப்டியே வுட்டுட்டு நா வரலீங்க. அங்க முடிச்சு போடும்போது என் நெனப்பெல்லாம் இங்க பீரோ மேலதான் இருக்கும்" என்றாள் கௌரி.

"நீ நிம்மதியா முடிச்சு போடு. வூட்ட எங்கிட்ட வுடு" என்றேன். வாய்க்கொழுப்பு, வேறென்ன.

வெளியே பூட்டு தொங்குவது திருடனை வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பதற்குச் சமம். ஆகவே முன்கதவை உள்ளே தாழிட்டுவிட்டு, பின்கதவைப் பூட்டிக்கொண்டு சந்து வழியாக நழுவுவதென்று முடிவு செய்தேன். வீடு நிறைய ஆட்கள் இருப்பதாகத் தெரிய வேண்டுமே? மொட்டை மாடியில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலிகளை இறக்கி வாசலில் வரிசையாகப் போட்டேன். பரணில் கிடந்த பழைய செருப்புகளையெல்லாம் தூசி தட்டிப் படியருகே சிதறவிட்டேன். கூடத்து விளக்கை எரியவிட்டேன். பிளக்கில் செருகினால் நாள் முழுக்கச் சாமி பாட்டு பாடுமே, அந்தச் சின்னப் பெட்டியையும் ஓடவிட்டேன். நாங்கள் ஊருக்குப் போவதை ஒரு ஈ காக்கைக்கும் சொல்லக் கூடாது என்று உத்தரவும் போட்டேன்.

"எதிர்வூட்டு அண்ணிகிட்ட மட்டும் சொல்றேங்க. காலைல வாசல் தெளிச்சி ஒரு கோலம் போட்ருவாங்க" என்றாள்.

"அவங்ககிட்ட சொன்னா அவங்க வூட்டுக்காரரு முனிரத்தினத்துக்குத் தெரியும். அவனுக்குத் தெரிஞ்சா ஆர்.கே.பேட்டை வரைக்கும் தெரியும். பேசாம வா."

கல்யாணத்துக்கு முதல் நாள் பொழுது சாய்ந்ததும் பின்பக்கமாகக் கிளம்பினோம். தெருமுனையில் நின்று என் வேலைப்பாட்டை ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். அவ்வளவு பெருமையாக இருந்தது! (இப்போது நினைத்தாலும் என்னை நானே அறையலாம் போலிருக்கிறது.)

மறுநாள் முகூர்த்த நேரத்தில் நான் பந்தியில் இருந்தேன். எல்லோரும் மேடையைப் பார்க்கிற அந்த நேரத்தில்தான் பந்தி காலியாக இருக்கும். விவரம் தெரிந்தவர்களுக்குப் புரியும். கௌரி மேடையில் இருந்ததால் அவளுடைய போன், முன்வரிசையில் இருந்த அவள் சித்தப்பாவின் கையில். கெட்டிமேளம் முழங்கிக்கொண்டிருந்தது. திடீரென்று சித்தப்பாவின் குரல் அதையும் மீறிக்கொண்டு வந்தது.

"ஐயய்யோ! நம்ப மாப்ள போய்ட்டாராமே!"

மேளம் நின்றுவிட்டது. நான் கையில் வடையோடு ஓடிவந்து, "எந்த மாப்ள?" என்றேன். என்னைப் பார்த்ததும் பெண் வீட்டு அம்மாள் ஒருவர் வீறிட்டார். சித்தப்பா என்னையும் போனையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, போனை என்னிடமே நீட்டினார். எதிர்முனையில் முனிரத்தினம்.

"பாடி எத்தினி மணிக்கு வருதுங்க? மாலை வாங்கி வெச்சிகினு தெருவே ஒக்காந்துகினு கீது."

"யோவ், பாடிதான்யா பேசுது!"

அப்புறம் கோபப்பட்டது யார் என்கிறீர்கள்? அவன்!

"இன்னாண்ணா நீ! காத்தால பாத்தா வாசல்ல கோலமில்ல. நாற்காலி வரிசையா போட்டுகீது. எங்க பாத்தாலும் செருப்பு. பட்டப்பகல்ல லைட்டு எரியுது, சாமி பாட்டு ஓடிகினு கீது. எழவு வூடுன்னு நெனைக்காம வேற இன்னான்னு நெனைக்கறது? தட்டுனா யாரும் தொறக்கல. அண்ணி அழுது மயங்கிட்டாங்களோன்னு கதவ ஒடச்சோம். உள்ள யாருமில்ல. சரி, ஆஸ்பத்திரிலருந்து கொண்டார போய்கிறாங்கன்னு..."

"ஒடச்சீங்களா! எனக்கு ஒரு போன் பண்ணக்கூடாதா?"

"பண்ணேனே. நீ எடுக்கல. செத்தவரு எப்டி எடுப்பாருன்னு வுட்டுட்டேன்."

திருடன் வந்திருந்தாலும் பூனைபோல வந்து போயிருப்பான். இவர்கள் கடப்பாரையோடு பட்டப்பகலில் கூட்டமாக வந்து, தேக்குக் கதவைப் பெயர்த்து, என் அடுப்பிலேயே டீ போட்டுக் குடித்திருக்கிறார்கள். பீரோ மட்டும் பத்திரமாக இருந்தது. நான் முழுசாகப் போய் இறங்கியபோது சிலர் முகத்தில் தெரிந்தது சந்தோஷமா ஏமாற்றமா என்று எனக்கு இன்னும் சந்தேகம்தான்.

அதோடு விட்டார்களா? கல்யாண வீடியோவில் எல்லாம் பதிவாகியிருக்கிறது. குடும்பத்தில் நாலு பேர் கூடினால் போதும், மைத்துனன் அந்த இடத்தைத் தேடிப் போட்டுவிடுவான். "பாவா, இங்கதான் நீங்க செத்துப் போறீங்க. இப்ப அக்காவப் பாருங்க."

சித்தப்பா அலறுகிறார். மேளம் நிற்கிறது. மண்டபமே திரும்புகிறது. கௌரி மட்டும் திரும்பவில்லை. இரண்டாவது முடிச்சைப் போடுகிறாள். மூன்றாவதையும் போடுகிறாள். இறுக்கமாக இருக்கிறதா என்று இழுத்தும் பார்க்கிறாள். அதற்குப் பிறகுதான் நிமிர்ந்து, "ஆங்? இன்னா சொன்னீங்க சித்தப்பா?" என்கிறாள்.

"புருஷன் செத்துட்டான்னு காதுல விழுந்துமா?" என்று பலமுறை கேட்டுவிட்டேன்.

"நீங்க பந்தியில இருப்பீங்கன்னு எனக்குத் தெரியாதா?" என்பாள். அந்த நியாயத்தை நான் ஏற்பதாயில்லை. ஒவ்வொரு முறையும் கிட்டப் போய் உற்றுப் பார்க்கிறேன். எத்தனை தடவை போட்டாலும் அந்தக் கை கொஞ்சம்கூட நடுங்கமாட்டேன் என்கிறது.