கத்தரிக்காய்க்குக் கல் கட்டியது பற்றி

விழுப்புரம்
9-12-86

பெரியவர் மாமா வேங்கடேசன் அவர்களின் சமூகத்துக்கு, மைத்துனன் சக்கரபாணி வணங்கி எழுதிக்கொண்டது. இங்கு நான், ராஜாமணி, மகள் காந்திமதி மூவரும் உடம்பைப் பொறுத்தவரை சௌக்கியம். மனதைப் பொறுத்தவரை ஒருவரும் சௌக்கியமில்லை. திருவெண்ணெய்நல்லூரில் தாங்களும் அக்காவும் கரும்பும் மாடுகளும் எல்லா நலமும் பெற்றிருக்க வேண்டுகிறேன்.

பொருள்: கத்தரிக்காய்க்குக் கல் கட்டியது. பார்வை: ஆவணி மாதம் தாங்கள் போட்ட கார்டு. (ஆபீஸ் பழக்கத்தில் கை தானாக எழுதிவிட்டது. அடிக்க மனமில்லை, இருக்கட்டும்.)

மாமா, தங்களுக்குத் தெரிந்த விஷயம்தான், ஆனாலும் முதலிலிருந்து சொன்னால்தான் எனக்குக் கோர்வையாக வரும். ஆவணியில் தாங்கள் திண்டிவனத்துக் கண்ணையன் குடும்பத்தை, அவர் பையனுக்குக் காந்திமதியைப் பெண் பார்க்க அழைத்து வந்தீர்கள். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பையனின் அம்மா புடலங்காய்க் கூட்டை இரண்டாம் முறை கேட்டு வாங்கி, காய் பிஞ்சாக இருக்கிறதே, எங்கே வாங்கினீர்கள் என்றார். கடைத்தெருவில் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே? ராஜாமணிக்கு நாக்கில் என்ன வந்து உட்கார்ந்ததோ, "தோட்டத்துக் காய்ங்க, நாங்க வெளியில வாங்கறதே இல்ல" என்றாள். எங்கள் வீட்டுப் பின்புறத்தில் அன்று இருந்தவை ஒரு துவைக்கிற கல், என் சைக்கிள், உடைந்த ஆட்டுக்கல், இவ்வளவுதான். தாங்களாவது சும்மா இருந்தீர்களா? வாய் நிறையச் சோற்றை வைத்துக்கொண்டு, "ஆமாங்க, வெதையே நாந்தான் குடுத்தேன்" என்றீர்கள். உடனே அந்த அம்மாவும், எங்கள் வீட்டிலும் அப்படித்தான், செடிகொடி தெரிந்த பெண்ணாகக் கிடைத்ததில் ரொம்பத் திருப்தி, கார்த்திகை வளர்பிறையில் பூ வைக்க வரும்போது தோட்டத்தைப் பார்க்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

தாங்கள் ஊர் போய்ச் சேர்ந்து, ஒரு துணி முடிச்சில் எல்லா விதைகளையும் ஒன்றாகக் கலந்து கொடுத்தனுப்பினீர்கள். பின்னாலேயே ஒரு கார்டு. அதைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்ததால் எனக்கு மனப்பாடம். "விதையை ஊறப்போட்டு விதைக்கவும். பிஞ்சு விட்டதும் கல் கட்டவும். விரல் காட்டக் கூடாது. கண் படாமல் பொம்மை வைக்கவும். மற்றபடி இங்கு மழை இல்லை." நான் இருபத்தைந்து வருஷமாக ஆபீஸில் மேலிடத்து உத்தரவுக்கு உரை எழுதாமல் அப்படியே நிறைவேற்றி வருபவன். பிஞ்சு விட்டதும் கல் கட்டவும் என்றால் கட்டுவேன். ரோடு போடக் கொட்டியிருந்த ஜல்லியில் பொறுக்கி எடுத்து, கழுவி, விட்ட பிஞ்சுக்கெல்லாம் ஒவ்வொன்றாகக் கட்டினேன். உருண்டையாக இருந்த பிஞ்சுக்கும் கட்டினேன், குச்சி போல் வானத்தைப் பார்த்து நின்ற பிஞ்சுக்கும் கட்டினேன். செடிகள் எல்லாம் மேனேஜரைக் கண்ட பியூன் மாதிரி குனிந்து நின்றன. வளர்ச்சி என்று நினைத்தேன்.

புடலங்காய்க்கு மட்டும்தான் கட்டுவார்களாம், அதுவும் அது கோணாமல் நேராக இறங்குவதற்காம். இதைப் பிற்பாடு ஆபீஸ் வாட்ச்மேன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். மாமா, கோபித்துக்கொள்ளக் கூடாது, "புடலைக்கு" என்று ஒரு சொல்லைச் சேர்க்கக் கார்டில் இடமில்லையா? மழை இல்லை என்று எழுத இடம் இருந்ததே. அந்த மழையும் இங்கே ஐப்பசியில் ஒரேயடியாகக் கொட்டித் தீர்த்தது.

புடலையும் ஒன்று காய்த்தது, இல்லை என்று சொல்லவில்லை. பந்தலில் அழகாகத் தொங்கியது. அதற்கு நான் ஜல்லிக்கல் கட்டினேன். ராஜாமணி வந்து பார்த்து, சம்பந்தி வீட்டுக்குக் காட்டுகிற காய்க்கு இந்தச் சின்னக் கல்லா என்று அதை அவிழ்த்துவிட்டு, எங்கள் பழைய இரும்புப் பூட்டைக் கட்டினாள். காயும் நீளும், திருடனும் பயப்படுவான் என்று கணக்கு. அன்று பெய்த மழையில் பூட்டு, காய், கொடி, பந்தல் நான்கும் சேர்ந்து கீழே வந்தன. பூட்டு மட்டும் நல்ல நிலையில் இருக்கிறது.

இதற்கு நடுவில் விரல் விவகாரம். பிஞ்சை விரல் நீட்டிக் காட்டினால் அழுகிவிடும் என்பதால் வீட்டில் யாரும் எதையும் விரலால் காட்டக் கூடாது என்று ராஜாமணி சட்டம் போட்டாள். எல்லாம் மோவாய்தான். காந்திமதி தெருவில் வழி கேட்டவருக்குக்கூட மோவாயால் வழி காட்ட, அவர் பயந்து வேறு பக்கம் போனார். பக்கத்து வீட்டுச் சவுரிராயன் நல்ல மனிதர், ஆனால் சட்டம் தெரியாதவர். வேலிக்கு மேல் கையை நீட்டி, "இன்னா சார் இது, கத்தரிக்கு எதுக்குக் கல்லைக் கட்டிக்கினு கீறீங்க" என்றார். அது கத்தரி என்று எங்களுக்கே அப்போதுதான் தெரியும். மறுநாள் அந்தப் பிஞ்சு காம்போடு விழுந்து கிடந்தது. ராஜாமணி சவுரிராயன் வீட்டோடு பேச்சை நிறுத்தினாள். விரல் அல்ல, கல்தான் காரணம் என்று எனக்குச் சந்தேகம் இருந்தாலும் அதைச் சொல்லும் தைரியம் இல்லை. அவள் பேச்சை நிறுத்தியதில் அவருடைய ஆடும் கோபித்துக்கொண்டதோ என்னவோ, வேலியைத் தாண்டி வந்து கீரைப்பாத்தியை முழுதாகத் தின்றுவிட்டு, பொம்மையின் இடது காலையும் தின்றுவிட்டுப் போனது.

பொம்மையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வைக்கோல் திணித்து, என்னுடைய பழைய பெல்பாட்டத்தையும் கட்டம்போட்ட சட்டையையும் மாட்டி, இரண்டு கையையும் விரித்து நிறுத்தியிருந்தோம். பந்தலைத் திரும்பப் போடுவதற்காகக் கடுமையான காய்ச்சல் என்று லீவு எழுதிக் கொடுத்திருந்தேன். நான் உள்ளே காப்பி குடித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து எங்கள் மேனேஜர் ஸ்கூட்டரில் அந்த வழியாக வந்திருக்கிறார். கொட்டுகிற மழையில் என் சட்டையோடு ஒருவன் கையை விரித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து, வண்டியை நிறுத்தி, பெயர் சொல்லி மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறார். பதில் இல்லை. மறுநாள் என்னைத் தனியாக அழைத்து, காய்ச்சல் தலைக்கு ஏறிவிட்டதா, வீட்டில் கவனித்துக்கொள்ள ஆள் இருக்கிறார்களா என்று மிகுந்த அனுதாபத்தோடு விசாரித்தார். அன்றிலிருந்து எனக்கு யாரும் கஷ்டமான ஃபைல் எதுவும் கொடுப்பதில்லை. இந்தத் தோட்டத்தால் நான் அடைந்த ஒரே லாபம் இதுதான்.

இப்போது முக்கிய விஷயத்துக்கு வருகிறேன். போன வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறோம் என்று திண்டிவனத்திலிருந்து தகவல் வந்தது. தங்களாலும் கரும்பு வெட்டு என்று வர முடியாமல் போயிற்று. தோட்டத்தில் அப்போது இலைகள் மட்டும் இருந்தன. மார்கழி பிறந்தால் ஒன்றும் பேச முடியாது, தைக்குள் அவர்கள் மனம் மாறினால் என்ன செய்வது என்று ராஜாமணிக்குக் கைகால் ஓடவில்லை. வியாழக்கிழமை சாயங்காலம் மார்க்கெட்டுக்குப் போனாள். மழையினால் காய் வரத்து இல்லை. கத்தரி, பாகல், முருங்கை கிடைத்தன. வெள்ளிக்கிழமை விடிந்தும் விடியாததுமாக எல்லாவற்றையும் செடிகளில் கட்டினோம். எதால் கட்டினோம் என்றால், ஆபீஸில் ஃபைல் கட்டும் சிவப்பு நாடாவால். அவிழாது என்று எனக்கு அனுபவம். ஆனால் எந்தச் செடி எந்தச் செடி என்று எங்கள் இருவருக்கும் தெரியாது, தாங்கள்தான் விதையைக் கலந்து அனுப்பினீர்களே. பிற்பாடு விசாரித்துத் தெரிந்துகொண்டபடி, இருந்த கத்தரியெல்லாம் மிளகாய்ச் செடியில் ஏறியது. பாகற்காய் தக்காளிக்குப் போயிற்று. முழங்கால் உயரம் இருந்த வெண்டைச் செடியில் முருங்கைக்காய் தரையைத் தொட்டுக்கொண்டு நின்றது.

கண்ணையன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொரு செடியாகப் பார்த்தார். முருங்கைக்காயிடம் வெகுநேரம் நின்றார்.

"குட்டையாவே காச்சிருக்குதுங்களே" என்றார்.

"ஒட்டு ரகங்க" என்றேன். எனக்கு எங்கிருந்து அந்தச் சொல் வந்தது என்று தெரியவில்லை.

அந்த அம்மா ஆசையாகப் பாகற்காயைத் தொட்டார். அது நாடாவோடு கையில் வந்துவிட்டது. இருபத்தைந்து வருஷ சர்வீஸில் நான் போட்ட முடிச்சு அவிழ்ந்தது அதுதான் முதல் தடவை. கண்ணையன் அந்த நாடாவை வாங்கி, இழுத்துப் பார்த்து, நிதானமாகச் சுருட்டித் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அத்தாட்சி எடுத்துக்கொண்டுவிட்டார் என்று என் உயிரே போய்விட்டது. சாப்பிட்டார்கள். கொண்டுவந்த பூவை வைக்காமல் தாம்பாளத்திலேயே விட்டுவிட்டு, "போய்க் கடுதாசி போடறோங்க" என்று கிளம்பினார்கள். பெண் வீட்டில் இதற்கு என்ன அர்த்தம் என்று தங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மாமா, விளையாட்டெல்லாம் போகட்டும். காந்திமதிக்குப் பையனைப் பிடித்திருக்கிறது. அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை, எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமையிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. நேற்று மட்டும், "கடையில வாங்கறோம்னு சொல்லியிருந்தா இன்னாப்பா ஆயிருக்கும்" என்று கேட்டாள். ஒரு கூட்டுக்காகப் பெண்ணின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டேனே என்று இருக்கிறது. ஆகையால் தாங்கள் தயவுசெய்து உடனே திண்டிவனம் போய், நாங்கள் பொய் சொல்லும் குடும்பம் அல்ல, சொன்னது ஒரே ஒரு பொய்தான், அதிலும் பாதி தங்களுடையது என்று எடுத்துச் சொல்லி நல்ல பதில் வாங்கிவர வேண்டும். செடிகளையெல்லாம் பிடுங்கிச் சவுரிராயனின் ஆட்டுக்கே போட்டுவிட்டேன். இனி இந்த ஜென்மத்தில் நான் மண்ணைத் தொடப் போவதில்லை, தோட்டம் என்ற சொல்லே இந்த வீட்டில் எழாது, இது சத்தியம்.

அக்காவுக்கு என் வணக்கத்தையும் ராஜாமணியின் விசாரிப்பையும் சொல்லவும். தங்கள் ஆசீர்வாதம் ஒன்றையே நம்பியிருக்கும்,
சக்கரபாணி

பின்குறிப்பு: 15-12-86. தபாலில் சேர்க்க மனம் வராமல் இந்தக் கடிதம் ஆபீஸ் பையிலேயே கிடந்துவிட்டது. நல்லதாகப் போயிற்று. தாங்கள் திண்டிவனம் போக வேண்டாம். சனிக்கிழமை அவர்களிடமிருந்து கடுதாசி வந்தது, வீடு பார்க்க வாருங்கள் என்று. நேற்று நானும் ராஜாமணியும் போனோம். பின்புறம் பந்தல், பந்தல் நிறையப் புடலங்காய். ராஜாமணி மெய்மறந்து போய், மூன்று மாதச் சட்டத்தையும் மறந்து, ஒரு காயை நோக்கி விரலை நீட்டிவிட்டாள். நீட்டினாளோ இல்லையோ அது பொத்தென்று கீழே விழுந்தது, வாழைநாரோடு. பக்கத்துக் காய் விழவில்லை. அது என்னுடைய சிவப்பு நாடாவில் தொங்கிக்கொண்டிருந்தது. ஏறிட்டுப் பார்த்தால் அந்தக் கொடி அவரைக்கொடி. கண்ணையன் விழுந்த காயைப் பொறுக்கிக்கொண்டே, "எங்க வாழநாரு மழைக்கு நிக்க மாட்டேங்குதுங்க. உங்க நாடா கெட்டியா கீது, எங்க வாங்கினீங்க" என்றார். ஆபீஸில் என்றேன். அவர் மனைவி தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார், பிறகு எல்லோரும். அன்று உங்கள் வீட்டம்மா சொன்னதைக் கேட்டு இவளும் எங்களுக்கும் தோட்டம் உண்டு என்று சொல்லிவிட்டாள், நீங்கள் பதிலுக்கு வந்து பார்ப்பீர்களே என்ற பயத்தில்தான் பூ வைக்காமல் ஓடிவந்தோம், கடுதாசி தாமதமானது காய் கட்ட ஆள் இல்லாததால்தான் என்றார் கண்ணையன். தையில் கல்யாணம். காந்திமதியிடம் வந்து சொன்னதும் அவள் சிரித்த சிரிப்புக்குச் சவுரிராயன் வீட்டிலிருந்து ஆள் வந்து விசாரித்தார்கள். ராஜாமணி அவர்களோடு பேசிவிட்டாள்.

ஒரே ஒரு சிக்கல். கல்யாணச் சமையலுக்கு அத்தனை காயும் சொந்தத் தோட்டத்துக் காய்தான் என்று நாங்கள் இந்தப் பக்கத்திலும் அவர்கள் அந்தப் பக்கத்திலும் சொந்தக்காரர்களிடம் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. ஆகவே தாங்கள் தங்கள் நிலத்துக் காய்களை முதல் பஸ்ஸில் போட்டு அனுப்பவும். நாடா நான் பார்த்துக்கொள்கிறேன். கூடவே புதிதாக விதையும், எந்தக் காய் எந்தச் செடியில் காய்க்கும் என்று ஒரு கார்டும் அனுப்பவும். இரண்டு பிரதியாக. ஒன்று திண்டிவனத்துக்கு.