டிப்பருக்குப் பேயோட்டியவர்

இடுப்பு விண்விண்ணென்று தெறித்தது டிப்பர் டிரைவருக்கு. ஆனாலும் உட்காரவில்லை. கல்குவாரியே கைகட்டி நிற்கும்போது அவன் மட்டும் உட்கார முடியுமா? வந்திருப்பவர் பேயோட்டி ஆயிற்றே!

மனிதருக்கு அல்ல, வண்டிக்குப் பேயோட்டுகிறவர். குவாரிக்கு வந்த புது டிப்பர்களில் எல்லாமே எலெக்ட்ரானிக். உச்சி வெயிலில் மேடேறும்போது பொசுக்கென்று அணைந்துவிடும். பேயோட்டி பானெட்டைத் திறந்து வைத்து ஒரு மணி நேரம் முணுமுணுப்பார். "மூடிடாதீங்கடா, பேய் வெளிய போக வழி வேணுமில்ல?" பிறகு சாவியைத் திருப்பினால் வண்டி உறுமும். அவர் பை கனக்கும்.

பேயை ஏவியது யார் என்றும் அவரே சொன்னார்: பாதைக்குத் தண்ணீர் தெளிக்கும் லாரியை ஓட்டியவள். டிரைவரின் சொந்த அக்கா. "அவ கண்ணு பட்டா வண்டி உருப்படாது!" கை தூக்கி முடிவெடுத்து அவளைத் துரத்தினார்கள். தண்ணீர் நின்றது. புழுதி எழுந்தது. முன்னைவிட அதிகமாக வண்டிகள் படுத்தன. "பாத்தியா, பேய்க்குக் கோபம்!" என்று கூட்டம் இன்னும் பயபக்தியோடு காசை நீட்டியது. மூளை இல்லாத கூட்டமில்லை. இரவல் கொடுத்திருந்தது, அவ்வளவுதான்.

இன்று இரண்டு வண்டிகள் படுத்திருந்தன. அக்கா நேராக உள்ளே வந்தாள்.

"சாமி, ஒரு வண்டிக்குப் பானெட்டை மூடி வெச்சு மந்திரம் சொல்லுங்க. இன்னொண்ணை நான் சும்மா திறந்து போடறேன். எது கிளம்புதுன்னு பாப்போம்."

"பேயோட வெளையாடாதே!"

"அதுகிட்ட நான் பேசிக்கறேன். நான் தோத்தா இந்தப் பக்கமே வரமாட்டேன். ஜெயிச்சா என் லாரிச் சாவி எனக்கு."

"அவ மூஞ்சியில கரியைப் பூசுங்க சாமி!" என்று பக்தர்களே அவரைத் தள்ளிவிட்டார்கள்.

ஒரு மணி நேரத்தில் பேயோட்டிக்குத் தொண்டை கட்டியது. அக்கா நிழலில் குட்டித்தூக்கம் போட்டாள். மந்திரம் கேட்ட வண்டி முனகக்கூட இல்லை. கேட்காத வண்டி முதல் திருப்பிலேயே கிளம்பியது.

"இங்க வாடா தம்பி." எஞ்சின் ஓரத்துப் பெட்டியை விரலால் சுரண்டினாள். விரல் பாதி புதைந்தது. "இதான் வண்டிக்கு மூளை. புழுதியைக் கம்பளியாட்டம் போத்திக்கிட்டு வெயில்ல வெந்தா அணைஞ்சுதான் போகும். பானெட்டைத் திறந்தா ஆறும், எந்திரிக்கும். புழுதியை அடக்கி வெச்சிருந்தது என் தண்ணி. அதை நிறுத்தினது யாரு?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பேயோட்டி கேட்டைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தார். அவருக்கு எந்த மந்திரமும் தேவைப்படவில்லை.

டிப்பரின் மூளையைத் துடைத்துவிட்டார்கள். மண்டைக்குள் இருப்பதை அவரவர்தான் துடைத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா சாவியை வாங்கிக்கொண்டு போனாள். அவளைத் துரத்தக் கை தூக்கியவர்களில் தம்பியும் ஒருவன். அவளிடம் அவன் கேட்க வேண்டிய மன்னிப்பு இன்னும் பாக்கி.