பளீலாவின் பெனல் வெயிலுக்குப் போன விவரம்

தெஹியோவிட்ட,
செவ்வாய்க்கிழமை.

அன்பும் மரியாதையும் நிறைந்த சாலி நானா அவர்களுக்குத் தம்பி முக்தார் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் நூரியாவும் சுகமாக இருக்கிறோம். தங்கள் சுகத்தையும் மதினியின் முழங்கால் சுகத்தையும் அறிய ஆவல். நான் படித்தது சிங்களத்தில் என்பதும், எனக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது என்பதும் தாங்கள் அறிந்ததே. போனில் சொல்லலாம் என்றால் தங்களுக்குக் காது கேட்பதில்லை. ஆகவே நான் வாயால் சொல்ல, ஓர் ஆள் எழுத, இக்கடிதம் வருகிறது. எழுத்து அழகாக இருந்தால் அந்தப் பெருமை எழுதுகிறவருக்கு. கவலை முழுவதும் என்னுடையது.

விஷயம் நம் தங்கை பளீலாதான். வாப்பா அவள் பேருக்கு எழுதிவைத்த, றப்பர் தோட்டத்து ஓரத்து வீட்டில் ஜனவரியிலிருந்து தனியாக இருக்கிறாள். சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து நடையை இழந்த பிள்ளை. கடைக்கு மேலே மாடியில் இருக்கும் என் வீட்டுக்கு இத்தனை வருடமாக அவளை முதுகில் ஏற்றி இறக்கியவன் நான். ஒரு நாளும் முகம் சுளித்தது கிடையாது. அப்படிப்பட்டவள் திடீரென்று, "நான் தனியா இருந்து பாக்கப் போறேன் நானா" என்றாள். அங்கே கரண்ட் இல்லை. கம்பி இழுப்பதென்றால் எஸ்டேட் காணி வழியாகத்தான் இழுக்க வேண்டும். அதற்கு நான் அலைந்த அலைச்சலை எழுதினால் இந்தத் தாள் போதாது. "அப்ப சோலார் போடுவோம்" என்றாள். அவளுடைய மோட்டார் நாற்காலிக்கும், மோட்டார் பூட்டிய தையல் மெஷினுக்கும், நாலு பல்புக்கும் வெயில் போதுமாம். நான் வேறென்ன சொல்ல முடியும், சரி என்றேன்.

சோலார் பூட்ட எஹலியகொடவிலிருந்து ஸியாம் என்பவர் வந்தார். அது பெப்ரவரி மாதம். கூரையில் நிழல் விழுமா என்று என்னைக் கேட்டார். நான் அண்ணாந்து பார்த்தேன். சுற்றிவர றப்பர் மரம்தான், ஆனால் ஒரு இலை இல்லை, வானம் துடைத்துவிட்டது போல இருந்தது. "நெழலா, இங்க எங்க நெழல்?" என்றேன். அவரும் நம்பி இரண்டு சோலார் பெனலைக் கூரையில் பூட்டிவிட்டுப் போனார். மார்ச் மாதம் மரமெல்லாம் தளிர் விட்டது, ஏப்ரலில் வீட்டுக்கு மேலே பச்சைப் பந்தல் போட்டது போலாகிவிட்டது. பல்பு மினுங்கியது, தையல் மெஷின் முனகியது, நாற்காலி முற்றத்தைத் தாண்டவில்லை. ஸியாமைத் திரும்பக் கூப்பிட்டேன். மரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நீங்க றப்பர் யாவாரம்தானே செய்றீங்க?" என்று கேட்டார். முப்பது வருடமாக றப்பர் வாங்கி விற்கிறவன், மரம் வருடா வருடம் இலை உதிர்த்து மறுபடி தளிர்க்கும் என்பதை அந்த ஒரு நாள் மறந்துபோனேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? எழுதுகிற ஆளுக்கு இந்த இடத்தில் சிரிப்பு வருகிறது. எனக்கு வரவில்லை.

நிழல் தருகிற மரங்கள் எஸ்டேட்டுக்குச் சொந்தம். ஆகவே கொப்பையாவது வெட்டித் தரச் சொல்லி எஸ்டேட் ஒபிசுக்குப் போனேன். அங்கே பெரிய கிளார்க் யாழ்ப்பாணத்துப் பரராசசிங்கம் ஐயா. நான் சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பால் வெட்டுற மரத்தில கை வைக்கேலாது முக்தார். மரத்தை நகர்த்த ஏலாது, பெனலை நகர்த்தலாம்தானே?" என்றார். மனிதர் கேலி செய்கிறார் என்று எண்ணி, பளீலாவிடம் போய் அதைச் சொன்னது என் தவறு. அவள் கேலியாக எடுக்கவில்லை. மறுநாளே ஸியாமைக் கொண்டு ஒரு பெனலைக் கூரையிலிருந்து இறக்கி, தன்னுடைய பழைய தள்ளுநாற்காலியில் கட்டவைத்தாள். அதைத் தன் மோட்டார் நாற்காலிக்குப் பின்னால் கயிற்றால் பூட்டி இழுத்துக்கொண்டு, எஸ்டேட் ரோட்டு வளைவில் மரமில்லாத இடத்துக்குத் தினமும் காலையில் போகிறாள். பெனல் வெயில் காய்கிறது, அதிலிருந்து அவள் நாற்காலி சார்ஜ் ஆகிறது, அவள் பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு சட்டைகளுக்குப் பட்டன் தைக்கிறாள்.

இதில் எனக்கு வந்த வினையைக் கேளுங்கள். லொறிப் புழுதி படாமலிருக்க வழியில் பெனலை வெள்ளைத் துணியால் மூடிக்கொண்டு போகிறாள். அவிசாவளை பஸ்ஸில் போகிறவர்கள் பார்த்தால், நாற்காலியில் யாரையோ போர்த்திக் கூட்டிப்போவது போலத் தெரிகிறது. ஒரு நாள் கண்டக்டர் பஸ்ஸைக் கடை வாசலில் நிறுத்தி, "முதலாளி, நோனாட்ட தென் கொஹொமத?" என்று, போர்த்தியிருப்பது என் மனைவி நூரியா என எண்ணி, அவள் சுகத்தை விசாரித்தார். அன்றிலிருந்து ஊரே விசாரிக்கிறது. ஒருவர் நோயாளிக்கென்று செவ்விளநீர்க் குலை கொண்டுவந்து, கடையில் தராசு பிடித்துக்கொண்டிருந்த நூரியாவின் கையிலேயே கொடுத்து, "நோனாட்ட தென்ன", வீட்டு அம்மாவிடம் கொடுத்துவிடு என்று சொல்லிவிட்டுப் போனார். தன்னை யார் என்று அந்த மனுஷன் நினைத்தான் என்று நூரியா என்னைக் கேட்கிறாள்.

சரி, நாமும் உதவியாக இருப்போம் என்று ஒரு நாள் வளைவுக்குப் போனேன். பளீலா குடை நிழலில் கண்ணயர்ந்திருந்தாள். பெனல் நல்ல சூடாக, வழவழவென்று, வெயிலைப் பார்த்துச் சாய்ந்திருந்தது. என் த்ரீவீல் வண்டியில் ஈரம் காயாத றப்பர் ஷீட் நாலு கிடந்தது. இடத்தை ஏன் வீணாக்க வேண்டும் என்று அவற்றை அதன்மேல் விரித்துவிட்டேன். பொழுது சாய்ந்த பிறகு பார்த்தால் ஷீட் அருமையாகக் காய்ந்திருந்தது, நாற்காலியில் சார்ஜ் ஏறவில்லை. "சோறு திங்குற வாயை மூடிட்டு ஏன் வயிறு நெறயல்லன்டு கேக்குறீங்களே நானா" என்றாள். வீடுவரை நான்தான் தள்ளினேன்.

இதெல்லாம் போகட்டும். போன கிழமை விடாமல் மழை. கிடைத்த கொஞ்ச வெயிலை நம்பி ரோட்டுக்கு வந்தவள், ஏற்றத்தில் நாற்காலி நின்றுபோய், அங்கேயே இருந்திருக்கிறாள். நான் போய்ச் சேர்ந்தபோது குடைக்குள் உட்கார்ந்து பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள். "மேகம் போகட்டும் நானா, எனக்கென்ன அவசரம்?" என்றாள். நான் போகாதிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பயமாக இருக்கிறது நானா, அதை மறைப்பானேன். நான் சொன்னால் கேட்கமாட்டாள், தாங்கள் சொன்னால் தட்டமாட்டாள். வரும் ஞாயிற்றுக்கிழமை தாங்கள் வேன் பிடித்து வந்து, இரண்டு வார்த்தை கண்டித்துச் சொல்லி, அவளையும் அவள் சாமான்களையும் ஏற்றி என் வீட்டில் இறக்கிவிட்டுப் போக வேண்டும். மாடிக்குத் தூக்க நான் இருக்கிறேன்.

மதினிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் சலாம். தங்கள் துஆவில் எங்களை மறக்க வேண்டாம். தங்கள் காதுக்கும் மதினியின் காலுக்கும் அல்லாஹ் பூரண சுகத்தைத் தருவானாக.

இப்படிக்கு,
தங்கள் தம்பி
முக்தார் (கையெழுத்து சிங்களத்தில்)

பி.கு.: இதை எழுதுவது பளீலா. மேலே உள்ளதை எழுதியதும் நான்தான். நம் வீட்டில் தமிழ் எழுத வேறு யார் இருக்கிறார்கள்? டவுனில் இன்று கரண்ட் இல்லை. சின்ன நானா தன் போனை என் பெட்டரியில் சார்ஜ் போட்டுவிட்டு, என்னைப் பற்றிய முறைப்பாட்டை என் வீட்டில் உட்கார்ந்து என்னிடமே சொன்னார். ஒரு சொல் மாற்றாமல் எழுதிக் கையெழுத்தும் வாங்கிவிட்டேன். இன்னும் என்ன எழுதுகிறாய் என்று இப்போது கேட்கிறார். சலாம் எழுதுகிறேன் என்றேன்.

அவர் சொன்னதெல்லாம் உண்மை. மழை நாளில் நாற்காலி நிற்கும். சோறு விறகில்தான் வேகிறது. சொல்லாதது ஒன்றுதான். போன வருடம் என்னைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஏறும்போதெல்லாம் நடுப்படியில் நின்றுவிடுவார். செருப்பைச் சரி செய்வதாகச் சொல்வார். முதுகில் இருக்கிற எனக்கு அவர் மூச்சு வாங்குவது கேட்காதா? உங்களால் முடியாது என்று அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தனியாக இருக்க ஆசை என்றேன். பொய்யாகத்தான் சொன்னேன். வந்து இருந்த பிறகு அது உண்மையாகிவிட்டது நானா.

ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வாருங்கள். வேன் வேண்டாம், பஸ்ஸில் வாருங்கள். வீட்டுக்கு வருகிற யாரையும் நான் இதுவரை எதிர்கொண்டு அழைத்ததில்லை, மாடியிலிருந்து குரல்தான் கொடுத்திருக்கிறேன். நீங்கள் இறங்கும்போது பஸ் நிற்கிற இடத்தில் நான் இருப்பேன். மழையாக இருந்தால் நான் வந்துசேரக் கொஞ்சம் பிந்தும். போய்விடாதீர்கள்.