பெருசா எதிர்பார்க்காத, பாப்பா

என் மகள் ஹர்ஷினியின் பத்தாவது பிறந்தநாளைத் தீம் பார்க்கில் கொண்டாடுவது என்று வீட்டில் முடிவானது. முடிவு செய்தது நான் இல்லை. எப்படிக் கொண்டாடுவது என்பதையாவது நான் முடிவு செய்வேன் என்று அன்றைக்கே உறுதி எடுத்துக்கொண்டேன்.

சிவகாசியில் எனக்கு ஒரு பிரஸ் இருக்கிறது. பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அடிக்கிறோம். இத்தனை வருஷத் தொழிலில் நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான். பெட்டி மேல் படம் பெரிதாக இருந்தால் சண்டையும் பெரிதாக வரும். வானம் முழுக்கப் பூ விரிகிற மாதிரி படம் போடச் சொல்வார்கள். போடுவோம். உள்ளே இருக்கிற வெடி தென்னைமர உயரம் போய், ஒரு தடவை இருமிவிட்டு, அணைந்துவிடும். வாங்கினவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வருவார். கடைக்காரர் கம்பெனிக்குப் போன் போடுவார். கம்பெனிக்காரர் எனக்குப் போன் போட்டு, "படத்தைக் கொஞ்சம் சின்னதாக்குங்க" என்பார். வெடியைப் பெரிதாக்கலாம் என்று இதுவரை ஒருத்தருக்கும் தோன்றியதில்லை.

பக்கத்து வீட்டு ரத்தினசாமி அண்ணாச்சி போன வருஷம் மதுரைப் பக்கம் இருக்கிற இதே பார்க்குக்குக் குடும்பத்தோடு போனார். போவதற்கு முன்னால் தெருவில் ஒருத்தர் விடாமல் சொன்னார். பால்காரருக்குக் கூட ராட்டினங்களின் பேர் மனப்பாடம் ஆகிவிட்டது. போன அன்றைக்குப் பார்த்து மழை. பாதி ராட்டினத்தை நிறுத்திவிட்டார்கள். திரும்பி வந்த பிறகு அண்ணாச்சி வீட்டில் கோபம் அடங்காமல் வெகுநாளைக்கு ரசம் மட்டும்தான் ஓடியது.

"தம்பி, நீங்களாச்சும் வாயைக் கட்டுங்க," என்று என்னிடம் சொன்னபோது அண்ணாச்சி குரல் கம்மிவிட்டது.

அண்ணாச்சி போட்டது வானம் அளவுக்குப் படம். நான் பெட்டி மேல் படமே போடாமல் வெடி விற்கப் போகிறேன். அதுதான் என் திட்டம்.

இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. உங்களிடம் மட்டும் சொல்கிறேன். எனக்கு உயரம் ஆகாது. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு வருஷம் விருதுநகர் பங்குனிப் பொங்கல் பொருட்காட்சியில் ராட்டினத்தில் ஏறினேன். உச்சியில் நான் போட்ட சத்தத்தைக் கேட்டு, ராட்டினக்காரர் மற்றவர்களை அந்தரத்தில் நிறுத்திவிட்டு என்னை மட்டும் முதலில் இறக்கிவிட்டார். என் மனைவி சொர்ணலட்சுமிக்கு இது தெரியாது. அவளைப் பொறுத்தவரை நான் எதற்கும் அஞ்சாதவன். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியில் ஏறச் சொன்னால் "முட்டி வலிக்குது" என்று சொல்லியே இத்தனை வருஷம் ஓட்டிவிட்டேன்.

ஆகையால் கணக்கு சுலபம். எதிர்பார்ப்பு குறைந்தால் ராட்டினத்தின் மேல் ஆசை குறையும். ஆசை குறைந்தால், பெஞ்சில் உட்கார்ந்து பை காக்கிற பதவி எனக்கு நிரந்தரம். இந்த ராஜபாண்டியனின் மானம் காப்பாற்றப்படும்.

அன்று மாலையே வேலையைத் தொடங்கினேன்.

"பாப்பா, பார்க்குன்னா என்னமோன்னு நினைச்சுக்காத. பெரிய தண்ணித்தொட்டி. அதுல ரெண்டு சறுக்கு. அம்புட்டுத்தான்."

"டைனோசர் இருக்காமேப்பா?"

"இருக்கும். வாலை ஆட்டாது."

"ஏன்?"

"கரண்டு இருக்காது."

"கொலம்பஸ் கப்பல்?"

"அது ஊஞ்சல்தான், பாப்பா. நம்ம வீட்டு ஊஞ்சலுக்குக் கப்பல் பெயிண்ட் அடிச்சா அதுவும் கொலம்பஸ்தான். பெருசா எதிர்பார்க்காத."

பிள்ளையின் முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சின்னதானது. எனக்குத் திருப்தி. அடுத்து சொர்ணத்திடம் போனேன்.

"சொர்ணம், பிள்ளைக்கு ஆசை காட்டி ஏமாத்தக் கூடாது. எதிர்பார்ப்பைக் கம்மி பண்ணணும். கம்மியா நினைச்சுப் போனாத்தான், கிடைக்கிறதெல்லாம் லாபம்."

"சரிங்க."

"சரியா?"

"நீங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும். எம்புட்டு அனுபவம் உங்களுக்கு. நானும் அப்படியே சொல்லிர்றேன்."

நான் அங்கேயே சுதாரித்திருக்க வேண்டும். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் சொர்ணம் ஒரே மூச்சில் இரண்டு தடவை என்னை ஒத்துக்கொண்டது கிடையாது. ஆனால் ஜெயித்தவனுக்கு யோசிக்க எங்கே நேரம் இருக்கிறது? நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தூங்கப் போனேன்.

பிறந்தநாள் அன்று காலையில் காரில் கிளம்பினோம். நல்ல வெயில். ஆமத்தூர் தாண்டியதும் பின்சீட்டிலிருந்து சொர்ணம் ஆரம்பித்தாள்.

"பாப்பா, அப்பா சொன்னது ஞாபகம் இருக்கா?"

"இருக்கும்மா. பெருசா எதிர்பார்க்கக் கூடாது."

"ஆங். அப்பாகிட்டயும் பெருசா எதிர்பார்க்காத. அப்பா தண்ணியில எல்லாம் எறங்க மாட்டாக."

"ஏம்மா?"

"வயசாகுதுல்ல, பாவம். சளி புடிச்சிக்கிரும்."

கார் லேசாக ஒரு ஆட்டம் ஆடியது.

"யாருக்குச் சளி புடிக்கும்?"

"உங்களைக் குத்தம் சொல்லலைங்க. எதிர்பார்ப்பைக் கம்மி பண்றேன்."

என் வாயை என் வார்த்தையே அடைத்துவிட்டது. ஆனால் மனசுக்குள் ஒரு கொதி. சளியாம். எனக்காம். பார்க்குக்குள் நுழைந்ததும் முதல் வேலையாகத் தண்ணீரில் இறங்கினேன். வேட்டி, பேன்ட்டோடு விடமாட்டோம் என்று வாடகைக்கு ஒரு டவுசர் கொடுத்தார்கள். பச்சை டவுசர். அதில் கிளிகள். பிரஸ் வைத்திருக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், சிவப்பு மை விலகி விழுந்து, கிளி ஒரு பக்கமும் மூக்கு ஒரு பக்கமும் நின்றன. அதையும் போட்டுக்கொண்டு குதித்தேன்.

"ஆத்தாடி! நான் எதிர்பார்க்கவே இல்லையே!" என்று சொர்ணம் கரையில் நின்று கன்னத்தில் கை வைத்தாள்.

கேட்க எவ்வளவு சுகமாக இருந்தது தெரியுமா! கல்யாணத்தன்று கூட அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

அலை அடிக்கிற குளத்தில் பாட்டுப் போட்டார்கள். எல்லாரும் ஆடினார்கள்.

"அப்பா ஆட மாட்டாக, பாப்பா. நாலு பேரு பார்த்தா வெக்கப்படுவாக. நீ எதிர்பார்க்காத."

ஆடினேன். நன்றாகவே ஆடினேன். எங்கள் ஊருக்குப் பக்கத்துத் தாயில்பட்டிக்காரர் ஒருத்தர் என் பக்கத்தில் வந்து, "அண்ணாச்சி, நீங்க லேபிள் ராஜபாண்டியன்தான?" என்று கேட்டுவிட்டு நிதானமாகச் செல்போனில் வீடியோ எடுத்தார். அதைப் பற்றி அப்போது நான் கவலைப்படவில்லை.

சாப்பாட்டு நேரத்தில் சொர்ணம் புளியோதரைக்கு ஏங்குகிறவள் மாதிரி ஒரு பெருமூச்சு விட்டாள்.

"பாப்பா, கேக் எல்லாம் எதிர்பார்க்காத. அப்பாவுக்கு இந்த மாதிரி விஷயமெல்லாம் ஞாபகம் வராது. பிரஸ் ஞாபகம்தான் எப்பவும்."

கிளி டவுசரோடு ஓடினேன். அங்கேயிருந்த ஹோட்டல்காரரைப் பிடித்து, கேக் செய்யச் சொல்லி, மேலே டைனோசர் ஒன்று வைக்கச் சொல்லி, அவர் கேட்டதைக் கொடுத்து வாங்கி வந்தேன். "ஆத்தாடி!" என்றாள் சொர்ணம். முன்பின் தெரியாத ஒரு குடும்பம் கைதட்டியது. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அதற்குப் பிறகுதான் கொலம்பஸ்.

தூரத்திலிருந்தே சத்தம் கேட்டது. கிட்டே போய் அண்ணாந்து பார்த்தேன். ஊஞ்சல் என்று சொன்ன என் நாக்கை அறுத்துப் போடலாம் போல இருந்தது. முழுக் கப்பல் ஒன்று ஆகாசத்துக்குப் போய், நின்று, யோசித்து, கீழே விழுந்துகொண்டிருந்தது. நான் பைகளை எல்லாம் சேர்த்து மார்போடு அணைத்துக்கொண்டேன்.

"நீங்க போயிட்டு வாங்க. நான் பையைப் பார்த்துக்கிறேன்."

ஹர்ஷினி என்னைப் பார்த்தாள். "நீங்க வரலையாப்பா?"

"பாப்பா, அப்பாவைத் தொந்தரவு பண்ணாத," என்றாள் சொர்ணம். "அப்பா இதுல எல்லாம் ஏற மாட்டாக. அவுகளுக்கு உயரம்னா..."

நிறுத்தினாள்.

"உயரம்னா?" என்றேன்.

"உயரம்னா முட்டி வலிக்கும்ல," என்றாள்.

அவள் சொன்னதைக் கூடத் தாங்கிக்கொண்டேன். பிள்ளை சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை.

"பரவால்லம்மா. நான் எதிர்பார்க்கல."

கோபமாகச் சொல்லவில்லை. அழவும் இல்லை. நான் சொல்லிக் கொடுத்த பாடத்தை அப்படியே ஒப்பித்தாள். பிறந்தநாளும் அதுவுமாக, பெற்ற அப்பனிடம் ஒன்றையும் எதிர்பார்க்காமல் ஒரு பிள்ளை நிற்கிறது. இதற்கா நான் அத்தனை பாடுபட்டேன்? பைகளைச் சொர்ணத்தின் கையில் திணித்தேன்.

"வா பாப்பா. அப்பா வாரேன்."

"ஏங்க, நடுவுல உக்காருங்க. அங்கன ஆட்டம் கம்மி," என்று சொர்ணம் கத்தினாள். "கடைசி சீட்டு எல்லாம் இளவட்டங்களுக்கு!"

கடைசி சீட்டில் போய் உட்கார்ந்தேன்.

முதல் இரண்டு ஆட்டம் வரை நான் நல்ல மனுஷனாகத்தான் இருந்தேன். மூன்றாவதில் கப்பல் உச்சிக்குப் போனபோது மதுரை முழுக்கத் தெரிந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் தெரியவில்லை, கண்ணை மூடிவிட்டேன். வாய் மட்டும் தானாக வேலை செய்தது. எங்கள் பக்கத்துச் சாமிகள் ஒன்று விடாமல் கூப்பிட்டேன். "இருக்கன்குடி ஆத்தா! என்னைய எறக்கி விட்டுரு! மொட்டை போட்டுர்றேன்! ஆத்தா, மொட்டை!" கீழே டிக்கெட் கவுண்டர் வரை கேட்டதாகப் பிறகு சொன்னார்கள்.

கப்பல் நின்றதும் என் கை எதையோ இறுக்கிப் பிடித்திருப்பது தெரிந்தது. அது ஹர்ஷினியின் கை. அவள் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வழிய என்மேல் சாய்ந்திருந்தாள்.

"அப்பா! இன்னொரு தடவை!"

அந்த முகத்தைப் பார்த்து எப்படி மாட்டேன் என்பது? இன்னொரு தடவையும் ஏறினேன். அந்தத் தடவை நான் கண்ணைத் திறந்திருந்தேன் என்று பிள்ளை சாட்சி சொல்கிறாள். எனக்கு நினைவில்லை. ஆனால் அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷம் சீசன் நேரத்தில் பெரிய ஆர்டர் கிடைத்தபோது கூட இருந்ததில்லை.

திரும்பும் வழியில் விருதுநகரில் எண்ணெய்ப் புரோட்டா சாப்பிட உட்கார்ந்தோம். நான் ஜெயித்துவிட்டேன். அதைச் சொல்லாமல் புரோட்டா உள்ளே இறங்காது.

"பார்த்தியா சொர்ணம்? எதிர்பார்ப்பைக் கம்மி பண்ணினேன். பிள்ளை எம்புட்டு சந்தோஷமா இருக்கு பாரு. ரத்தினசாமி அண்ணாச்சிக்கு இதை ஒரு பாடமாவே எடுக்கலாம்."

"ஆமாங்க," என்று சால்னாவை ஊற்றினாள்.

ஹர்ஷினி நிமிர்ந்தாள். "அம்மா, நீ சொன்ன மாதிரியே அப்பா எல்லாத்துலயும் வந்துட்டாக!"

"என்ன பாப்பா சொன்னா அம்மா?"

"அப்பா எங்கூட விளையாட வருவாகளான்னு கேட்டேன். வர மாட்டாகன்னு அவுக காதுல விழுற மாதிரி சொன்னாப் போதும், வந்துருவாகன்னு சொன்னா."

புரோட்டா பாதி வழியில் நின்றது. தண்ணீர் குடித்து இறக்கினேன்.

"சொர்ணம்?"

"என்னங்க? நீங்கதான சொன்னீக, எதிர்பார்ப்பைக் கம்மி பண்ணணும்னு? நீங்க பார்க்கைப் பத்திக் கம்மி பண்ணீக. நான் உங்களைப் பத்திக் கம்மி பண்ணேன்."

"எனக்கு உயரம் ஆகாதுன்னு உனக்கு எப்படி..."

"பொருட்காட்சி ராட்டினத்துல உங்களை எறக்கி விடுற வரைக்கும் உங்களுக்கு அடுத்த தொட்டில்ல அந்தரத்துல தொங்கிக்கிட்டு இருந்தது யாருன்னு நினைச்சீக?"

"அது தெரிஞ்சுமா என்னைக் கட்டிக்கிட்டே?"

"நான் பெருசா எதிர்பார்க்கலைங்க," என்றாள் சொர்ணம். "இன்னொரு புரோட்டா வைக்கச் சொல்லட்டா?"

அன்றைக்கு இரவே தீர்மானம் செய்துவிட்டேன். சூட்சுமம் தெரிந்துபோச்சு. இனிமேல் இந்த வித்தை ராஜபாண்டியனிடம் பலிக்காது. நான் வர மாட்டேன் என்று அவள் சொன்னால் வரக் கூடாது. செய்ய மாட்டேன் என்று சொன்னால் செய்யக் கூடாது. இவ்வளவுதானே? சின்னப் பிள்ளைக்குக் கூடப் புரிகிற விஷயம்.

மறுநாள் காலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அடுப்படியிலிருந்து பேச்சுக் கேட்டது. கொஞ்சம் சத்தமாகவே கேட்டது.

"அம்மா, அப்பா கப்பல்ல இருக்கன்குடி ஆத்தாவுக்கு மொட்டை வேண்டிக்கிட்டாகல்ல? எப்பம்மா போறோம்?"

"அதை எல்லாம் எதிர்பார்க்காத, பாப்பா. அப்பாவுக்கு முடின்னா உசுரு. அம்புட்டு பேரு கேக்க ஆத்தாகிட்ட சொன்னாத்தான் என்ன? அவுக போட மாட்டாக."

நான் சிரித்துக்கொண்டேன். யாரிடம்? எல்லாம் தெரிந்தவனிடமா? அசையாமல் பேப்பரின் அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். அதில் என்ன இருந்தது என்று இப்போது ஞாபகமில்லை.

இருக்கன்குடியில் தலைக்குப் பூசிவிடுகிற சந்தனம் நல்ல குளிர்ச்சியாக இருக்கிறது.