இரண்டு வேளை உதை

தீர்த்தகிரி மாட்டுக்கொட்டகையில் கைகளையும் முழங்கால்களையும் தரையில் ஊன்றி, முதுகைப் பூனைபோல மேலே தூக்கிக் கீழே வளைத்துக்கொண்டிருந்தான். அந்த நேரம் பார்த்து அவன் மனைவி முனிலட்சுமி தவிட்டு வாளியோடு உள்ளே வந்துவிட்டாள்.

"என்னாங்க, தவிடு மாட்டுக்கு வெக்கட்டுமா, உங்களுக்கு வெக்கட்டுமா?"

"இடுப்பு... புடிச்சிக்கிச்சு" என்று முனகினான் தீர்த்தகிரி. வாயில் வந்த முதல் பொய் அதுதான். பாவம், கட்டியவளிடம் நிஜத்தைச் சொல்ல முடியாத நிலைமை.

கிருஷ்ணகிரிப் பக்கம் அப்போது அணை கட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே படகுக்காரன் வேலை ஒன்று இருந்தது. ஏரியில் நடக்கும் நீச்சல் போட்டியில் முதலில் வருபவனுக்கே அந்த வேலை என்று ஊரெல்லாம் தண்டோரா போட்டுவிட்டார்கள். மழையை நம்பிக் கேழ்வரகு விதைத்து அலுத்துப்போன தீர்த்தகிரிக்கு அதை விட்டால் வேறு விமோசனம் இல்லை. ஆனால் அவனுக்குத் தண்ணீரில் கண்டம் என்று ஜோசியர் சொன்ன நாளிலிருந்து, முனிலட்சுமி அவனைக் கிணற்றை எட்டிப் பார்க்கக்கூட விடுவதில்லை.

ஒரு காலத்தில் பட்டாளத்துச் சிப்பாய்களுக்கு நீச்சல் பழக்கிக்கொடுத்த உள்ளூர்க்காரர் அக்பர் பாஷாதான் அவனைத் திருட்டுத்தனமாகத் தன் தோட்டத்துக் கிணற்றில் இறக்கிப் பார்த்தார். பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"கை நல்லா ஓடுது தம்பி. இடுப்புதான் உலக்கையாட்டம் நிக்குது. அது வளைஞ்சு குடுத்தாத்தான் கால் மேல வரும். வயித்த எக்கிக்கினு முதுக ஏத்தி எறக்கு. மல்லாந்து படுத்து இடுப்பத் தூக்கு. முழங்கால மடக்கி ரெண்டு பக்கமும் சாய்."

"வீட்ல அவ இருக்கறாளே பாய்!"

"மாட்டுக்கொட்டா இல்ல?"

அப்படி வந்த வினைதான் இது.

இடுப்புப் பிடிப்பு என்றதும் முனிலட்சுமி அவனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு போய்ப் பக்கத்து வீட்டுக் கெம்பம்மாவை அழைத்துவந்தாள். பிறக்கும்போது கால் முன்னால் வந்தவர்கள் உதைத்தால் எப்பேர்ப்பட்ட பிடிப்பும் விட்டுப்போகும் என்பது ஊரறிந்த வைத்தியம். கெம்பம்மாவோ, முரண்டு பிடிக்கும் மாட்டைத் தோளால் தள்ளி நகர்த்துகிற ஆள்.

"அக்கா அப்பிடிப் பொறந்தவங்களாம். குப்புறப் படுங்க."

"இப்ப தேவலாம் முனிலட்சுமி..."

"படுங்கன்னா!"

விழுந்த உதையில் தீர்த்தகிரிக்குக் கண்ணில் பூச்சி பறந்தது.

மறுநாள் காலையில் வைக்கோல்போருக்குப் பின்னால் போய் மல்லாந்து இடுப்பைத் தூக்கினான். அங்கேயும் வந்துவிட்டாள்.

"எனக்குக் கொணமாயிடுச்சு!"

"அப்பறம் ஏன் இங்க படுத்துத் துடிக்கறீங்க? அக்கா, இன்னும் விடலையாம்!"

அன்றிலிருந்து காலையும் மாலையும் இரண்டு வேளை உதை என்று ஏற்பாடாயிற்று. சோளக்கொல்லைக்குள் ஒளிந்து பயிற்சி செய்து பார்த்தான். அங்கே களை எடுத்துக்கொண்டிருந்தவள் கெம்பம்மாவேதான். கூப்பிடும் வேலைகூட இல்லாமல் அங்கேயே உதைத்துவிட்டுப் போனாள்.

போட்டியன்று அவனை மாட்டுவண்டியில் குப்புறப் போட்டுத்தான் அக்பர் பாஷா ஏரிக்குக் கொண்டுபோனார். வேலை கைநழுவிப்போகிறதே என்று அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

"என்னால நிக்கவே முடியல பாய்."

"நிக்கறதுக்கா போட்டி? நீந்து தம்பி!"

குதித்தான். என்ன ஆச்சரியம்! உலக்கையாக இருந்த இடுப்பு விலாங்கு மீன் மாதிரி வளைந்தது. கால்கள் தானாக மேலே வந்தன. மற்றவர்கள் பாதி ஏரியில் இருக்கும்போதே அவன் அக்கரையைத் தொட்டுவிட்டான். அணைக்கட்டு அதிகாரி அங்கேயே மாலை போட்டு, வேலை அவனுக்குத்தான் என்று அறிவித்தார்.

சேதி கேட்டு முனிலட்சுமியும் கெம்பம்மாவும் கரைமேல் மூச்சிரைக்க ஓடிவந்தார்கள். தீர்த்தகிரி மாலையைக் கழற்றிக் கெம்பம்மாவின் பாதத்தில் வைத்து, நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான்.

"இந்தக் காலாலதான் அக்கா எனக்கு வேல கெடச்சுது!"

முனிலட்சுமியின் முகத்தில் ஈயாடவில்லை. அவள் கெம்பம்மாவை முறைத்தாள்.

"என்ன ஏண்டி மொறைக்கற?" என்றாள் கெம்பம்மா. "எல்லாரையும் போலத் தல முன்ன வந்து பொறந்தவதான நானு! 'அவரு ஏரியில எறங்கக் கூடாது, இடுப்பு ஒடியறாப்பல ஒதை அக்கா'ன்னு நீ சொன்ன. நானும் என்னால ஆனமட்டும் ஒதைச்சன்!"